கன்று பட்டுப்போனால் முதலில் தோண்டிப் பாருங்கள்: செம்மண் மேட்டில் நாட்டு மரம் நடுபவர்களுக்கு

புதுக்கோட்டைப் பக்கம், தைலமரத்தை எடுத்துவிட்டுச் சும்மா போட்ட செம்மண் மேடுகளில் நாட்டு மரங்களை நட்டு வருகிறேன். மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே சரளை, இன்னும் கீழே போனால் செம்புராங்கல். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்து மரங்களைப் புரட்டிப்போட்ட பிறகு, எங்கள் ஊர்களில் கன்று நடுகிறவர்கள் பெருகினார்கள். அப்போதிருந்து ஒவ்வொரு சித்திரையிலும் எனக்குப் போன் வரும். "அண்ணே, தண்ணியெல்லாம் ஊத்துறோம், ஆனாலும் பட்டுப்போகுது." போய்ப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே சில பிழைகள்தான். அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்துப் பிரித்து இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: கடப்பாறை, களைக்கொத்து, ஒரு குடம் தண்ணீர், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு நோட்டு.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று

ஒன்று, தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கித் தரை மட்டம் வரை சுரண்டிப் பாருங்கள். வறண்ட காட்டு மரங்கள் மேலே முழுவதும் காய்ந்த பிறகும் வேரிலிருந்து துளிர்க்கும். ஐப்பசி மழை வரை காத்திருக்காமல் பிடுங்கிப் போட்ட கன்றுகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

இரண்டு, நிஜமாகவே செத்த கன்று ஒன்றைத் தோண்டி எடுங்கள். பிடுங்கக் கூடாது, வேர் அறுந்துவிடும். ஓரமாகக் கடப்பாறை போட்டு மண்ணோடு எடுத்து, தண்ணீரில் கழுவி, வேரைப் பாருங்கள். நான் பார்த்த சாவுகளில் பாதிக்கு மேல் காரணம் அங்கேதான் இருந்தது.

மூன்று, செத்தவை எங்கெங்கே என்று நோட்டில் குறியுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்திருந்தால் கன்றிலோ நட்ட விதத்திலோ பிழை. ஒரே இடத்தில் கும்பலாகச் செத்திருந்தால் மண். ஓரத்து வரிசைகளில் மட்டும் என்றால் ஆடு, மாடு. ஒரே நர்சரியிலிருந்து ஒரே நாளில் வந்தவை மட்டும் என்றால் நர்சரி. இந்த ஒரு பக்கக் குறிப்பு இல்லாமல் எந்த வல்லுநரைக் கூப்பிட்டாலும் அவரும் உங்களைப் போலவே ஊகிக்கத்தான் முடியும்.

அறிகுறி 1: நட்டுப் பத்திருபது நாளில் இலை தொங்குகிறது, ஓரம் கருகுகிறது

*பை இன்னும் அடியில் இருக்கிறதா?* சிரிக்க வேண்டாம், கூலிக்கு ஆள் விட்டு நட்ட இடங்களில் முதலில் இதைத்தான் பார்ப்பேன். பையோடு நட்டிருப்பார்கள், அல்லது அடியை மட்டும் கிழித்திருப்பார்கள். உடனே எடுத்து, பையை உரித்து, திரும்ப நடலாம். ஒரு மாதத்துக்குள் என்றால் பெரும்பாலும் பிழைக்கும்.

*பை மண் உள்ளே காய்ந்திருக்கிறதா?* கன்றோடு வந்த மண்கட்டிக்குள் விரலை விடுங்கள். சுற்றி ஈரமாக இருக்கும், கட்டி மட்டும் செங்கல்லாக இருக்கும். தண்ணீர் அதைச் சுற்றி ஓடிவிடுகிறது. தண்டை ஒட்டி, சொம்பில் கொஞ்சம் கொஞ்சமாக, நின்று ஊற்றுங்கள். அடுத்த முறை நடுவதற்கு முன் ஒவ்வொரு பையையும் வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை அமிழ்த்தி எடுங்கள்.

*குழிக்குள் காற்றா?* கன்றின் அருகில் குதிகாலால் அமுக்குங்கள். கால் இறங்கினால் மண் சரியாக அணைக்கவில்லை. மிதித்து இறுக்கி, மேலே மண் போட வேண்டும்.

*தண்டு புதைந்திருக்கிறதா?* குழியில் மண் இறங்கும்போது கன்றும் கூடவே இறங்கிவிடும், பிறகு பாத்தி மண் கழுத்து வரை மூடும். பை மண்ணின் மேல்மட்டம் தெரிகிற அளவுக்கு மண்ணை விலக்குங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் கன்று நிழலில் வளர்ந்தது. பச்சை வலைக்குள் தினமும் தண்ணீர் குடித்த கன்றைத் திடீரென்று மேட்டு வெயிலில் வைத்தால் இலை கருகாமல் என்ன செய்யும்? இப்போதைக்கு ஓலைத் தட்டி, பனைமட்டை எதையாவது மேற்குப் பக்கம் சாய்த்து வையுங்கள். அடுத்த முறை கன்றுகளை ஒரு மாதம் முன்பே வாங்கி, வெயிலில் அடுக்கி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதற்கப்புறம் நடுங்கள். உயரமான கன்று கேட்காதீர்கள். ஆறடிக் கன்று சின்னப் பையில் இருந்தால் அதற்குக் குடிக்க வேர் இல்லை என்று பொருள். ஒன்றரை அடி, தடித்த தண்டு, அதுதான் இந்த மண்ணுக்கு.

வல்லுநர் தேவையில்லை. இங்கே இருப்பதெல்லாம் கைவேலை.

அறிகுறி 2: மழை பெய்கிறபோதே மஞ்சளாகி வாடுகிறது

கார்த்திகையில் வாடிய கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். தாகத்தில் வாடுவதும் தண்ணீரில் மூச்சுமுட்டி வாடுவதும் மேலே ஒரே மாதிரிதான் இருக்கும். கன்றின் ஓரத்தில் ஒரு அடி தோண்டி மண்ணை முகருங்கள். சாக்கடை வாடை அடித்தால், வேர் பழுப்பாகி உருவினால் தோல் கழன்று வந்தால், தண்ணீர் தேங்குகிறது.

பாத்தி கிண்ணம்போல் பள்ளமாக இருந்தால் கீழ்ச்சரிவுப் பக்கம் ஒரு வாய்க்கால் கீறிவிடுங்கள். அவ்வளவுதான். கோடையில் மறக்காமல் அதை அடைத்துவிட வேண்டும்.

அது போதவில்லையென்றால் குழியைச் சோதியுங்கள். பக்கத்தில் ஒரு அடி நீள, அகல, ஆழத்தில் குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி, வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். இரண்டாவது தண்ணீர் மறுநாள் காலையிலும் நின்றால் அந்தக் குழி ஒரு தொட்டி. டிராக்டர் துளைப்பானால் போட்ட குழிகளில் இது அதிகம், சுவர் சாணி மெழுகியதுபோல் வழவழப்பாகிவிடும். கடப்பாறையால் சுவரையும் அடியையும் நாலு பக்கமும் குத்திவிட்டால் வேருக்கும் வழி, தண்ணீருக்கும் வழி. இனிமேல் வட்டக் குழி வேண்டாம், சதுரமாகவே போடுங்கள்.

கடப்பாறை "டங்" என்று திரும்பினால் கீழே செம்புராங்கல். அங்கே இரண்டு வழிதான். ஒன்று, மரத்தை மாற்றுவது: மழையில் ஈரம் நிற்கும் பள்ளத்துக்கு மருதம், நாவல், புங்கம், நீர்க்கடம்பு. மற்றது, ஜேசிபி வைத்துப் பாறையை உடைப்பது. இரண்டாவதற்குப் போகும் முன் நிலத்தின் சரிவை அளந்து வடிகால் போடத் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் காட்டிவிடுங்கள். வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்கலாம். நூறு குழிக்குப் பாறை உடைத்த பிறகு தண்ணீர் அதே இடத்தில் நின்றால் அந்தப் பணம் போனது போனதுதான்.

அறிகுறி 3: மழைக்காலத்தில் நன்றாக வந்தது, பங்குனி சித்திரையில் காய்கிறது

வரும் போன்களில் முக்கால்வாசி இதுதான். ஒவ்வொரு படியாகப் போவோம்.

*அது காய்வதே இல்லையோ?* வெப்பாலை, உசில், அழிஞ்சில், இலுப்பை, சரக்கொன்றை எல்லாம் வறட்சியில் இலை உதிர்ப்பவை. வேம்பும் மாசி பங்குனியில் இலை மாற்றும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பச்சை இருந்தால் விட்டுவிடுங்கள். உதிர்ந்த கன்றுக்குப் பயந்து தினமும் ஊற்றினால் தவறான நேரத்தில் துளிர்த்து அந்தத் துளிரும் கருகும்.

*புல் எவ்வளவு?* கன்றைச் சுற்றி இரண்டு முழம் புல் நின்றால் நீங்கள் ஊற்றுவது புல்லுக்கு. மார்கழிக் கடைசியில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, கன்றைச் சுற்றி ஒன்றரை அடி தூரம் வரை புல்லை வேரோடு கொத்தி அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். ஒரு நாள் கூலி. இதைச் செய்தவர்களும் செய்யாதவர்களும் பக்கத்துப் பக்கத்து நிலமாக இருந்தால் சித்திரையில் வேலியிலிருந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

*தண்ணீர் எங்கே போகிறது?* ஊற்றிய மறுநாள் கன்றின் பக்கத்தில் ஒரு அடி தோண்டுங்கள். மேலே நாலு விரல் ஈரம், கீழே புழுதி என்றால் ஊற்றும் முறை தப்பு. தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிடப் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு குடம் நல்லது. மேலாக ஈரம் கிடைத்தால் வேர் மேலேயே படரும், நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் கன்று முடிந்தது. ஆழத்தில் ஈரம் இருந்தால் வேர் அதைத் தேடி இறங்கும். குடம் ஊற்ற வசதியில்லாத இடத்தில் அடியில் சின்ன ஓட்டை போட்ட மண்கலயத்தை, ஓட்டையில் துணித்திரி செருகி, கன்றின் அருகில் கழுத்து வரை புதைத்து நிரப்புங்கள். வாயை மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓணானும் அணிலும் விழுந்து சாகும்.

*எப்போது நட்டீர்கள்?* விழா வைத்து, விருந்தாளி தேதி கிடைத்து, தை மாதத்தில் நட்டால் வேர் இறங்க மழையே கிடைக்காது. எங்கள் பக்கம் புரட்டாசிக் கடைசியில் இரண்டு நல்ல மழை பெய்து, ஒரு முழ ஆழம் நனைந்த பிறகு நட வேண்டும். ஐப்பசி பாதிக்குள் முடித்துவிட்டால் இரண்டரை மாத ஈரம் கிடைக்கும். தையில் நடத்தான் வேண்டும் என்று அழுத்தம் வந்தால் விருந்தாளியை வைத்து ஐந்து கன்று நடுங்கள். மீதியை அடுத்த ஐப்பசிக்கு நர்சரியிலேயே வைத்திருங்கள்.

*மழைத் தண்ணீர் ஓடிவிடுகிறதா?* இதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். கன்றுக்கு மேல்சரிவில் 3 மீட்டருக்கு 2 மீட்டர் வெற்றுத் தரை இருக்கிறது, 25 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துண்டில் மட்டும் 150 லிட்டர் விழுகிறது. இறுகிய செம்மண்ணில் அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவந்தால்கூட 50 லிட்டர், நாலு குடம். அதைக் கன்றிடம் நிறுத்தக் கீழ்ச்சரிவுப் பக்கம் பிறை வடிவில் ஒரு முழ உயர வரப்புப் போட்டால் போதும். பிறையின் இரண்டு முனையும் மேட்டைப் பார்த்து, ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு முனை தாழ்ந்திருந்தால் அந்த வழியாக உடைத்துக்கொண்டு போகும். தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை வைத்து மட்டம் பாருங்கள், கண்மட்டத்தை நம்பாதீர்கள். டேங்கர் தண்ணீருக்குச் செலவழிக்க நினைத்திருந்த பணத்தில் பாதியை ஆவணியில் வரப்புக்குச் செலவழியுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

*மரம் இடத்துக்குச் சரியா?* பக்கத்து ஐயனார் கோயில்காட்டைப் பார்த்துவிட்டு, வீரை, காசான், உலக்கைப்பாலை, கருங்காலி என்று ஆசையோடு பட்டியல் போட்டு வெட்டவெளியில் நடுவார்கள். நானும் செய்தேன். அவை அந்தக் காட்டில் மற்ற மரங்களின் நிழலில், சருகு மெத்தையில் முளைத்தவை. மொட்டை மேட்டில் முதலில் நிற்கக்கூடியவை வேறு: வெள்வேல், உசில், வாகை, வேம்பு, ஆத்தி, நுணா, ஆவாரை. இவை மூன்று நான்கு ஆண்டு வளர்ந்து கொஞ்சம் நிழலும் சருகும் தந்த பிறகு, அவற்றின் வடக்கு, கிழக்குப் பக்கத்தில் வீரையையும் காசானையும் கொண்டுவாருங்கள். முதல் வருஷமே எல்லாவற்றையும் நெருக்கி நடும் முறை, மூன்று கோடைக்குத் தண்ணீர் உறுதியாக இருக்கிற இடத்துக்கு. மானாவாரி மேட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

*பழைய தைலக்கட்டை துளிர்க்கிறதா?* பத்தடிக்குள் தைலமரக் கட்டை துளிர்விட்டு நின்றால் கன்றின் ஈரத்தை அது எடுத்துக்கொள்ளும். துளிரை மாதம் ஒருமுறை ஒடித்துக்கொண்டே இருந்தால் கட்டை ஓயும், ஆனால் இடையில் விடக் கூடாது. ஏக்கர் கணக்கில் இருந்தால் கட்டையைத் தோண்டி எடுக்கும் செலவுக்குத் தயாராக வேண்டியதுதான்.

இத்தனையும் சரிபார்த்து, இரண்டாவது கோடையிலும் பாதிக்கு மேல் செத்தால் நடுவதை நிறுத்துங்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலோ கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்திலோ, அல்லது உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ நோட்டுக் குறிப்போடு போய்க் கேளுங்கள். மூன்றாவது தடவையும் அதே குழியில் அதே மரத்தை நடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், அது வேண்டாம்.

அறிகுறி 4: அடித்தண்டில் மண் பூசியதுபோல் இருக்கிறது

கறையான். உடனே மருந்துக்கு ஓடாதீர்கள். மண் பூச்சைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு உள்ளே பாருங்கள். தோல் முழுசாக, பச்சையாக இருந்தால் கறையான் செத்த வெளித்தோலை மட்டும் தின்கிறது, கன்றுக்கு ஒன்றும் ஆகாது. தோல் போய், தண்டைச் சுற்றி வளையமாகக் கடித்திருந்தால் ஆபத்து.

அப்படியானால் முதலில் மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளுங்கள். வைக்கோலும் சருகும் தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் நீங்களே படி போட்டுக் கொடுத்ததுபோல. அடுத்தது, குழியில் பச்சைச் சாணம் போட்டீர்களா? மக்காத எரு கறையானுக்கு அழைப்பு. நன்றாக மக்கியதை மட்டும் போடுங்கள், அதோடு வேப்பம்புண்ணாக்கு இரண்டு கைப்பிடி. கன்று ஏற்கெனவே தாகத்தில் இருந்தால் கறையான் விடாது. ஒரு குடம் ஆழமாக ஊற்றிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். வளர்ந்த புற்றை இடிக்க வேண்டாம், இடித்தாலும் திரும்ப எழும்பும். மருந்து வேண்டுமென்றே முடிவெடுத்தால் கடைக்காரர் சொல்வதைக் கேட்காமல் வேளாண்மைத் துறை அலுவலரைக் கேட்டு, அந்த வருஷம் அனுமதி இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

அறிகுறி 5: நேற்று இருந்தது, இன்று துண்டாகக் கிடக்கிறது

வெட்டு முனையைப் பாருங்கள். யார் என்று அதுவே சொல்லும்.

முனை நார்நாராகப் பிய்ந்து, இலை உருவி எடுக்கப்பட்டிருந்தால் ஆடு. கத்தியால் சீவியதுபோல் சாய்வாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருந்தால் முயல். அறுத்துவிட்டுத் தின்னாமலே போட்டிருக்கும். பாத்தி மண் கிளறிக் கிடந்து, பிஞ்சுக் கன்று பெயர்ந்து காய்ந்திருந்தால் மயில். அடித்தோல் பல் தடத்தோடு உரிந்து, வேர் வரை தோண்டியிருந்தால் முள்ளம்பன்றி. குழியே புரண்டு கிடந்தால் காட்டுப்பன்றி.

முயலுக்கும் மயிலுக்கும் சீமைக்கருவேல முள்ளை நாலைந்து கொப்பாகக் கன்றைச் சுற்றி நெருக்கமாகச் செருகினால் போதும். முள்ளம்பன்றிக்கு அடித்தண்டில் கம்பிவலைச் சுற்று. பன்றி தொடர்ந்து வந்தால் வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். மின்வேலி, கண்ணி எதுவும் கூடாது. சட்டப்படியும் குற்றம், மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

ஆடுதான் பெரிய விஷயம். நான் முதலில் நட்ட இடத்தில் ஒரே மதியத்தில் நாற்பது கன்று போனது. கோபத்தோடு போனேன். ஆடு மேய்க்கிற அம்மா நிதானமாகக் கேட்டார்: "ஏந் தம்பி, இருபது வருசமா நாங்க ஓட்டிட்டு வர்ற பாதை இது. நடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பக்கம் வந்திருப்பேனா?" அவர் சொன்னது நியாயம். அதற்கப்புறம் மேய்ச்சல் தடத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் இருபுறமும் மட்டும் நட்டோம். குளத்துக்குப் போகும் வழியையும் விட்டோம். காவலுக்கு அவரையே சம்பளத்துக்கு வைத்தோம். வேலியைவிட அது மலிவு, வேலியைவிட அது உறுதி.

வேலியே வேண்டுமென்றால் முள்வேலி முதல் இரண்டு வருஷம், அதன் ஓரமாகவே கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) ஊன்றினால் முள் மக்கும்போது உயிர்வேலி எழுந்துவிடும். ஓர வரிசைக்கு ஆடு தொடாதவற்றை வையுங்கள்: ஆவாரை, நொச்சி, எருக்கு, ஆடாதொடை. கடைசியில் சொன்னதன் பேரிலேயே விஷயம் இருக்கிறது. மரம் ஆறடி தாண்டினால் ஆட்டுக் கவலை குறையும்.

நிலம் மேய்க்கால் புறம்போக்காக இருந்தால் இது தோட்டப் பிரச்சினை இல்லை. ஊராட்சியிலும் வருவாய்த் துறையிலும் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு குழிகூட வெட்டாதீர்கள்.

அறிகுறி 6: சாகவும் இல்லை, வளரவும் இல்லை

இரண்டு வருஷம் ஆகிறது, முழங்கால் உயரத்திலேயே நிற்கிறது. உலக்கைப்பாலை, கருங்காலி, வீரை என்றால் அது அவற்றின் இயல்பு. கீழே வேலை நடக்கிறது, பொறுங்கள். வேம்பு, புங்கம், வாகை என்றால் ஏதோ தடை.

புல்லைப் பாருங்கள், அதற்கு மேலே சொன்ன வைத்தியம். அப்புறம் இலையைப் பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுசாக மஞ்சளானால் மண்ணில் சத்து இல்லை. மக்கிய எருவும் மூடாக்கும் போடுங்கள், இடையில் பசுந்தாள் உரச் செடியான கொழிஞ்சியின் விதையைத் தூவிவிடுங்கள். நுனியிலுள்ள புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கல்) இருக்கலாம். இரண்டடி ஆழத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. அதைத் திருத்த வழியில்லை, மரத்தைத்தான் திருத்த வேண்டும். வேம்பு, வெள்வேல், ஆத்தி, பனை அங்கே நிற்கும்.

தரையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ, மழைக்குப் பின் மண் பிசுபிசுவென்று குழைந்து காய்ந்ததும் கல்லாக இறுகினாலோ உவர், களர். இங்கே கண்பார்வை வைத்தியம் போதாது. மண் பரிசோதனை நிலையத்தில் மேல்மண், கீழ்மண் தனித்தனியாகக் கொடுங்கள். கார அமில நிலை 8.5-க்கு மேல் வந்தால் ஜிப்சம் எவ்வளவு என்று அவர்கள் கணக்கிட்டுச் சொல்வார்கள். அளவு தெரியாமல் மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டாம்.

மண் சரி, புல் இல்லை, ஆனாலும் நிற்கிறது என்றால் ஒரு கன்றைத் தியாகம் செய்து தோண்டுங்கள். வேர் பை வடிவத்திலேயே சுருண்டிருக்கும். அது அடுத்த அறிகுறிக்கான முன்னோட்டம்.

அறிகுறி 7: மூன்றாம் வருஷம், ஆள் உயர மரம், காற்றில் சாய்கிறது

அடித்தண்டைப் பிடித்து ஆட்டுங்கள். தண்டு வளைந்தால் சரி. தண்டு வளையாமல் தரைமட்டத்தில் கதவுக் கீல்போல மொத்தமாக அசைந்தால் வேர் சுருள். பையில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்த கன்று, அடியில் ஆணிவேர் மோதி வளைந்து வட்டமாகச் சுற்றியிருக்கும். நட்டபின் அந்த வளையம் தடித்துத் தன்னையே நெரிக்கும். மேலே நன்றாக வளரும், ஐப்பசி கார்த்திகைக் காற்றில் ஒரு ராத்திரியில் விழும். கஜாவுக்குப் பிறகு அவசரமாக வாங்கி நட்ட முதிர்ந்த பைக்கன்றுகளில் இதை நிறையப் பார்த்தேன்.

இதற்கு வைத்தியம் இல்லை. குச்சி நட்டுக் கட்டினால் விழுவது தள்ளிப்போகும், அவ்வளவே. எடுத்துவிட்டுப் புதுக் கன்று வையுங்கள். தடுப்பது மட்டும் மிக எளிது: நடும்போது பையின் அடியில் அரை அங்குலம் மண்ணோடு வேரையும் சேர்த்துக் கத்தியால் அறுத்துத் தள்ளுங்கள், பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று கோடு கீறுங்கள். வாங்கும்போதே ஒரு பையை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த நர்சரியில் வாங்க வேண்டாம்.

ஆட்டிப் பார்த்தால் அசையவில்லை, ஆனால் நுனிபாரத்தால் சாய்ந்திருக்கிறது என்றால் அது வேறு. கீழ்க்கிளைகளை வெட்டி வெட்டி உயரத்தை மட்டும் வளர்த்திருப்பீர்கள். நுனியைக் கொஞ்சம் குறைத்து, கீழே துளிர்க்க விடுங்கள். கட்டுவதானால் தளர்வாக, ஆடுகிற மாதிரி. ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

அறிகுறி 8: சந்தனம் மட்டும் வெளுத்துச் சாகிறது

சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சி வாழும் மரம். தனியாக நட்டால் ஒரு வருஷம் ஓட்டும், பிறகு வெளுக்கும். பையிலேயே பொன்னாங்கண்ணி, நட்டபின் அரை முழத்தில் துவரை, நிரந்தரத் துணையாக ஐந்தடிக்குள் ஒரு மரம் வேண்டும். துணை இருந்தும் இலை சிறுத்து, குச்சி குச்சியாகத் துடைப்பம்போல் நின்றால் 'ஸ்பைக்' எனப்படும் முள்முனை நோயாக இருக்கலாம். அப்போது வனத்துறையிடம் காட்டுங்கள்.

அறிகுறி 9: நேரடியாக விதைத்தோம், முளைக்கவே இல்லை

விதை பழசா? வேம்பு, இலுப்பை, நாவல் மூன்றும் பழுத்து விழுந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைக்க வேண்டியவை. ஆடியில் பொறுக்கி ஐப்பசிக்கு எடுத்துவைத்தால் கையில் இருப்பது வெறும் கொட்டை. ஆடி ஆவணி இடிமழையிலேயே போட்டுவிடுங்கள். வாகை, உசில் மாதிரியானவை நேர்மாறு. பல மாதம் தாங்கும், ஆனால் தோல் கடினம். கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். சரக்கொன்றைக்கு அதுவும் போதாது, கல்லில் ஒரு ஓரம் தேய்க்க வேண்டும்.

முளைத்த தடமே இல்லாமல் விதையும் இல்லையென்றால் எறும்பும் எலியும் எடுத்தன. விரல் ஆழத்தில் புதைத்து மேலே முள் போடுங்கள். பனங்கொட்டைக்கு மட்டும் இந்தக் கவலை எதுவும் இல்லை, குளக்கரையில் போட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

அறிகுறி 10: சீமைக்கருவேலம் திரும்பத் திரும்ப வருகிறது

அடியில் வெட்டினால் பத்துத் தண்டாக வரும். துளிர்க்கும் பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது, ஒரு அடி தோண்டி அதற்குக் கீழே வேரை அறுக்க வேண்டும். மழை பெய்த மறுவாரம் தோண்டினால் பாதி வேலை. சின்னச் செடியைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். மரமானதற்கு ஜேசிபி.

ஆனால் ஒரே நாளில் மொத்தத்தையும் வழித்து எடுக்காதீர்கள். பத்து ஏக்கர் முழுவதும் துடைத்த ஒரு மேட்டில் அடுத்த மழையில் மேல்மண் கண்மாய்க்குப் போனதை நேரில் பார்த்தேன். அந்த வருஷம் நட்டது எதுவும் நிற்கவில்லை. பத்தடிப் பட்டையாக எடுத்து, இடையில் பத்தடி விட்டு, எடுத்த பட்டையில் வேம்பும் வாகையும் நடுங்கள். விட்ட பட்டை காற்றைத் தடுக்கும், அரை நிழல் தரும், முள்ளும் தரும். நட்டவை ஆள் உயரம் வந்தபின் அடுத்த பட்டையை எடுங்கள்.

எடுத்த பிறகும் புதுச் செடிகள் புள்ளி புள்ளியாக முளைத்தால் சாணத்தைப் பாருங்கள். ஆடு மாடு காயைத் தின்று, விதை சாணத்தோடு உங்கள் நிலத்துக்கு வருகிறது. ஓரத்து மரங்கள் காய் பிடிக்கும் முன் அவற்றை முதலில் எடுங்கள். மூன்று மழைக்காலம், ஒவ்வொரு மார்கழியிலும் ஒருமுறை நிலம் முழுக்க நடந்து விரல் உயரச் செடிகளைப் பிடுங்க வேண்டியிருக்கும். எங்கள் மேட்டில் நாலாவது மார்கழியில் ஒரு சாக்குகூட நிறையவில்லை. அந்த நடையில்தான் வேம்பின் நிழலில் யாரும் நடாத வீரைக் கன்று ஒன்றைப் பார்த்தோம். கோயில்காட்டிலிருந்து ஏதோ பறவை கொண்டுவந்து போட்டது. அதைச் சுற்றி நாலு முள் செருகிவிட்டு வந்தேன்.